மூணு சுழி

வெள்ளிமட்டம் பனிமய மாதா கோயில் பங்கைச் சேர்ந்த மெட்டில்டா எங்கே நின்றாலும் மூடுபனி அவளைவிட்டு விலகி நின்றது. முன்னால் நாற்பது அடி, பக்கத்துக்குப் பதினைந்து அடி. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கல்லூரி வாத்தியார் டேப் பிடித்து அளந்து சொன்ன கணக்கு இது. அந்த வாரம் பச்சைத் தேயிலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் இறங்கியிருந்ததால் ஊர் அதைப் பற்றித்தான் பேசியது. வாத்தியாருக்கு யாரும் ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை. குன்னூரிலிருந்து ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் வெள்ளிமட்டம். வருடத்தில் ஏழு மாதம் எதிரில் வருகிறவர் யார் என்பதை அவருடைய செருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில் இந்தப் பெண் நடந்தால் வழி திறந்துகொள்ளும். தேயிலைச் செடி, கல், காட்டெருமைச் சாணம் எல்லாம் பளிச்சென்று தெரியும். அவள் கடந்து போனதும் பனி மறுபடி வந்து மூடிக்கொள்ளும். ஞானஸ்நானத்தன்றே அப்படித்தானாம். கோயிலுக்குள் புகுந்திருந்த பனி, பிள்ளையின் தலையில் தண்ணீர் பட்டதும் எழுந்து வாசலுக்கு வெளியே போய் நின்றது என்று பழைய உபதேசியார் சொல்வார். அதைச் சொல்லி முடித்ததும், அன்றைய விருந்தில் குழம்புக்கு உப்புப் பற்றவில்லை என்பதையும் அதே குரலில் சொல்வார்.

ஊர் அவளைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த ஊர். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் அவளை முன்னால் நடக்கவிட்டார்கள், பனிக்குள் காட்டெருமை நின்றால் தெரியுமே என்று. கல்யாணங்களில் போட்டோக்காரர் அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். படத்தில் அவள் இருக்கமாட்டாள், படம் தெளிவாக இருக்கும். மெட்டில்டா யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனால் இதையெல்லாம் அவள் ஒரு பொருட்டாக எண்ணியதும் இல்லை. குடை பிடிப்பதுபோல, கதவைத் திறந்துவிடுவதுபோல, போகிற போக்கில் செய்கிற ஒரு சில்லறை உதவி, அவ்வளவுதான். அவள் தேடியது வேறு. ஆண்டவர் ஒவ்வொருவரையும் ஒரு பணிக்காகப் படைத்திருக்கிறார் என்று மறைக்கல்வி வகுப்பில் ஆறு வயதில் கேட்டதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் மிட்டாயை வாங்கிக்கொண்டு அதை மறந்துபோனார்கள்.

பத்தொன்பது வயதில் கோயம்புத்தூரில் ஒரு கன்னியர் மடத்தில் போய்ச் சேர்ந்தாள். சமவெளியில் பனி ஏது? அங்கே அவளும் பத்தோடு பதினொன்றாக இருந்தாள். ஏழாவது மாதம், நல்ல பெண், ஆனால் தேவ அழைத்தல் இருப்பதாகத் தெரியவில்லை என்று ஒரு கடிதத்தோடு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து மறைக்கல்வி கற்பித்தாள். பிள்ளைகள் ஜன்னல் வழியாக இறங்கி ஓடினார்கள். பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்தாள். பூவைவிட இலை அதிகமாக இருந்தது. வாசகம் வாசிக்க நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மரியாயின் சேனையில் சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கப் போனாள். நோயாளிகளைவிட அதிகமாக அழுததால், இனி வேண்டாம் என்று நயமாகச் சொல்லிவிட்டார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அந்தக் கை எது, வெண்ணெய் எது என்று எடுத்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பிழைப்புக்கு எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா வேலை பார்த்தாள். தாய் தகப்பன் போன பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவளும் தம்பி லெஸ்லியும்தான். லெஸ்லி ட்ரிப் ஜீப் ஓட்டினான். குன்னூருக்கும் வெள்ளிமட்டத்துக்கும் நாளைக்கு நான்கு நடை. பனி இறங்கிவிட்டால் மற்ற ஜீப்காரர்கள் குன்னூரிலேயே வண்டியைப் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். லெஸ்லி மட்டும் அக்காவை முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் ஓட்டுவதுபோலச் சீட்டியடித்தபடி ஓட்டிவருவான். அவளுக்கு அவன் வைத்த பெயர் வைப்பர். வாசலில் நின்றுகொண்டு, "வைப்பரு ரெடியாக்கா?" என்று கத்துவான். அவளுக்குச் சுர்ரென்று வரும். "என்னைய ஆண்டவர் உன்ர வண்டிக்கு வைப்பராத்தான் படைச்சாரா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்வெட்டரை மாட்டுவாள். இருபது வருடம் இந்தப் பேச்சு ஒரு சொல் மாறாமல் நடந்தது.

பங்குத் தந்தையாக சில்வஸ்டர் அடிகளார் வந்தது இரண்டாயிரத்துப் பதினேழில். எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவர். அவர் வந்த மறு வாரமே மெட்டில்டா போய் நின்றாள். "ஏனுங்க ஃபாதர், எல்லாத்துக்கும் ஒரு பணி இருக்குதுங்கறீங்க. எனக்கு மட்டும் முப்பத்தெட்டு வருசமா ஒண்ணும் தட்டுப்படலீங்களே" என்றாள். அவர் அலுவலகத்துக்குள் மண்டியிருந்த பனி அப்போதுதான் ஜன்னல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. மேசைமேல் இருந்த காகிதங்கள் தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததில் அவருக்குச் சந்தோஷம். ஆனால் காரணம் எதிரே நிற்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. ஜெபம் பண்ணும்மா, நேரம் வரும் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கேள்வி அவரையும் உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டைப் பங்கில் பணி கண்டறியும் ஆண்டு என்று அறிவித்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். மேலே ஒரே ஒரு கேள்வி: இறைவன் உங்களுக்குத் தந்த பணி எது? கீழே பாடல், வாசகம், மறைக்கல்வி, பீட அலங்காரம், நோயாளர் சந்திப்பு, பந்தி பரிமாறுதல் என்று ஆறு கட்டங்கள், ஏழாவதாக, மற்றவை.

குன்னூரில் அச்சடித்து முந்நூறு படிவங்கள் வந்து இறங்கின. கட்டைப் பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் 'இறைவன் உங்களுக்குத் தந்த பனி எது?' என்று இருந்தது. மூணு சுழி ண வர வேண்டிய இடத்தில் ரெண்டு சுழி ன. ஃபாதர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊரே ஒரு வாரம் சிரித்தது. எனக்கு ஆண்டவர் தந்த பனி ஜலதோஷம் என்றார் ஒருவர். திரும்ப அச்சடிக்க இரண்டு வாரம் ஆகுமாம், ஞாயிற்றுக்கிழமையோ நெருங்கிவிட்டது. வழக்கம்போல மெட்டில்டாதான் முன்வந்தாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பங்கில் அப்போது படிவம் பெற வேண்டியவர்கள் இருநூற்று அறுபத்தெட்டுப் பேர். நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, இருநூற்று அறுபத்தெட்டுப் பனியிலும் ஒவ்வொரு சுழியாகச் சேர்த்துப் பணி ஆக்கினாள். தன்னுடைய படிவத்திலும் சேர்த்தாள். அந்த இரண்டு சாயங்காலமும் வெளியே நல்ல பனி. பங்கு அலுவலகத்துக்கு முன்னால் நாற்பது அடிக்கு மட்டும் நிலா வெளிச்சம் விழுந்து கிடந்தது. மிச்சமிருந்த முப்பத்திரண்டு படிவங்கள் தேவைப்படாததால் திருத்தாமலே கட்டி, கோயில் அலமாரியின் அடித்தட்டில் போட்டார்கள்.

மெட்டில்டா தன் படிவத்தில் பாடல் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அவள் குரலைப் பற்றி அதிகம் சொல்வது பாவம். இருந்தும் பாடகர் குழுவை நடத்திய அலீனா டீச்சர் அவளை உடனே சேர்த்துக்கொண்டார். பாடகர் மாடத்தின் ஜன்னலில் கண்ணாடி உடைந்து இரண்டு வருடமாகியிருந்தது; பனி உள்ளே வந்தால் பாட்டுத் தாளில் எழுத்தும் தெரியாது, கீபோர்டில் கட்டையும் தெரியாது. மெட்டில்டா வந்து நின்றதும் எல்லாம் தெரிந்தது. "அக்கா, நீங்க மெதுவாப் பாடுனா போதுமுங்க, ஒதடு அசைஞ்சா போதும்" என்று அலீனா மரியாதையாகச் சொல்லிவைத்தார். மெட்டில்டா அதைப் புதியவர்களுக்குச் சொல்கிற பாடம் என்று எடுத்துக்கொண்டாள். தன் பணி கிடைத்துவிட்டது என்று அந்த ஜூலை முழுக்க அவள் முகம் விளக்கேற்றியதுபோல இருந்தது. கண்ணாடி போட்டிருந்தால் அலீனா அவளைச் சேர்த்திருக்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தோம்.

லெஸ்லியும் படிவம் பூர்த்தி செய்தான். என்ன எழுதினாய் என்று அவள் கேட்டபோது, "ஆண்டவர் எனக்கு ஸ்டியரிங் குடுத்தாரு, உனக்கு வைப்பர் குடுத்தாரு. வேற என்னத்தக்கா எழுதறது?" என்று சிரித்தான். கோயில் காரியத்தில் விளையாடாதே என்று அவள் இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை.

ஆகஸ்டு ஐந்தாம் தேதி பனிமய மாதா திருவிழா. அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மாலை நான்கரைக்குப் பாடற்பூசை, பிறகு தேர்பவனி. மெட்டில்டா முதன்முதலாகத் திருவிழாப் பூசையில் பாட இருந்தாள். அதற்கென்று நீல நிறத்தில் ஒரு சேலையும் எடுத்திருந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கோயில் படியில் ஜீப் வந்து நின்றது. பக்கத்து லயத்து முத்துராஜின் மனைவி சுஜாதாவுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. எஸ்டேட் வண்டி ஊட்டிக்குப் போயிருந்தது. பின் சீட்டில் சுஜாதா முத்துராஜின் கையைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். அப்போது பனி இல்லை. ஆனால் பள்ளத்தாக்கில் திரண்டு உட்கார்ந்திருந்தது. நாலு மணிக்குள் மேலே ஏறிவிடும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

லெஸ்லி கீழே நின்றபடி கூப்பிட்டான். "வாக்கா, குன்னூர் போயிட்டு வந்தர்லாம்."

பாட்டு ஒத்திகையில் இருந்த மெட்டில்டா மாடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னிக்குப் பணி இருக்குதுடா" என்றாள்.

"பனி இருக்கறதுனாலதான கூப்படறேன்!"

"அந்தப் பனி இல்லடா. மூணு சுழி" என்றாள் அவள்.

அவன் அண்ணாந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். மூன்று விரலை நீட்டிக் காட்டி, "செரிக்கா, நீ பாடு. நான் மெதுவா வந்தர்றேன்" என்று வண்டியை எடுத்தான். அவள் தன் தம்பியிடம் கடைசியாகப் பேசியது அந்த எழுத்துத் திருத்தம்தான்.

சுஜாதா பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள்; நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முத்துராஜ் மருத்துவமனையில் தங்கிவிட, லெஸ்லி தனியாகத் திரும்பினான். பூசை முடிவதற்குள்ளாவது போய்விட வேண்டும், அக்கா பாடுகிறது என்று டீக்கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். மற்ற ஜீப்காரர்கள் பனி குறையட்டும் என்று தடுத்தும் கேட்கவில்லை. நாலாம் வளைவில் சாலை இடதுபக்கம் திரும்பியது; ஜீப் நேராகப் போய்விட்டது. அந்த நேரம் கோயிலில் 'உன்னதங்களிலே' கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டுத் தாளில் ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடிபோலத் தெரிந்தது என்று அலீனா பின்னால் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதார். தேர் கோயில் வளாகத்தைத் தாண்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது. நீலச் சேலையோடு மெட்டில்டா வளைவுக்கு ஓடினாள். அவள் போய் நின்றதும் பனி விலகியது. பள்ளம் அடிவரை தெரிந்தது.

அடக்கத்தன்றும் அப்படித்தான். கல்லறைத் தோட்டம் முழுக்கப் பனி நிறைந்திருக்க, குழியைச் சுற்றி மட்டும் வெட்டவெளிச்சமாக இருந்தது. பெட்டியின் ஆணி, கயிற்றின் முடிச்சு, மண்ணில் நெளிந்த புழுவரைக்கும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. அன்று ஒரு நாளாவது மூடியிருக்கக் கூடாதா என்று இருந்தது எங்களுக்கு. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் நாற்பது நாள் வெளியே வரவில்லை. லயத்தைச் சுற்றிப் பனி வேலிபோல நின்றது, பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த வட்டத்துக்குள் வற்றல் காயவைத்தார்கள்.

நாற்பத்தொன்றாம் நாள் மாலை நாலு மணிக்குக் கதவைத் திறந்து, லெஸ்லியின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஐந்து வளைவு இறங்கி நாலாம் வளைவில் போய் நின்றாள். மேலே ஏறியிருந்த பனி திருப்பத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டது. கடைசி பஸ் போன பிறகு வீடு திரும்பினாள். மறுநாளும் போனாள். மழை, காய்ச்சல், கிறிஸ்துமஸ் எதற்கும் நின்றதில்லை. பாடகர் குழுவுக்கு அப்புறம் போகவில்லை. அலீனா ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார். பஸ் டிரைவர்கள் அவளைப் பார்த்ததும் ஒரு தடவை விளக்கை அணைத்துப் போடுவார்கள், அதுதான் வணக்கம். கொழுந்து லாரிக்காரர்கள் ஏலக்காய் டீ கொண்டுவந்து கொடுப்பார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்குத்தான் எரிச்சல். இவ்வளவு தூரம் பனியைப் படம் எடுக்க வந்தோம், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கம்மா என்பார்கள். "நவுர முடியாதுங்க" என்று மட்டும் சொல்வாள்.

ஒரு நாள் சில்வஸ்டர் ஃபாதர் பைக்கை நிறுத்தி, கடைசியில் உன் பணியைக் கண்டுபிடித்துவிட்டாய் மெட்டில்டா என்று மனசாரச் சொன்னார். அவளுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. "இதுதான்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே ஃபாதர். எத்தன வருசமாக் கேட்டேன்? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு ஆண்டவருக்கு என்னங்க கஷ்டம்?" என்றாள். ஃபாதர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு மேலே போனார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு அக்டோபர் மழையில் கோயில் ஓடு ஒழுகி அலமாரி நனைந்துவிட்டது. காயவைக்க உதவிக்குப் போனாள் மெட்டில்டா. அடித்தட்டிலிருந்து ஒரு கட்டு வந்தது. பிரித்தாள். முப்பத்திரண்டு காகிதம், எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி. இறைவன் உங்களுக்குத் தந்த பனி எது? அவள் நின்றபடியே வாசித்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து வாசித்தாள். ஒரு தடவை அல்ல, முப்பத்திரண்டு தடவை. நீலப் பேனா பிடித்த வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆண்டவர் சொல்லாமல் இல்லை, அச்சடித்தே கொடுத்திருக்கிறார். இருநூற்று அறுபத்தெட்டு இடத்தில் அதை அடித்துத் திருத்தியவள் அவளேதான்.

பூர்த்தி செய்த படிவங்களின் கோப்பு மேல்தட்டில் நனையாமல் இருந்தது. லெஸ்லியின் படிவத்தை ஃபாதர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். ஆறு கட்டத்தையும் விட்டுவிட்டு, மற்றவை என்ற இடத்தில் கோணல் எழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'ஜீப் ஓட்டுறது. பனி நாளில் அக்காவோட.' பனியில் ரெண்டு சுழிதான் போட்டிருந்தான், சரியாக. மெட்டில்டா அதை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு அழுத அழுகை பள்ளிக்கூடம்வரை கேட்டது. யாரும் போய்த் தடுக்கவில்லை.

அழுது முடித்து முகம் கழுவிய பிறகு, கட்டிலிருந்து திருத்தாத படிவம் ஒன்றை எடுத்து, கேள்விக்குக் கீழே, நாலாம் வளைவு, மாலை நாலு மணி முதல் என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஃபாதர் வாங்கினார். பழக்க தோஷத்தில் பேனா மூடியைத் திறந்து அந்த எழுத்தின்மேல் கொண்டுபோனவர், நிறுத்தி, மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படிவத்துக்கு இருநூற்று அறுபத்தொன்பது என்று எண் போட்டுக் கோப்பில் சேர்த்தார்கள். மணி மூன்றரை ஆகியிருந்தது, அவள் கிளம்பினாள்.

சுஜாதாவின் பெண் இப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூட வேனில் வரும்போது நாலாம் வளைவில் தலையை நீட்டி, "அத்தே!" என்று கத்துவாள். மெட்டில்டா கையை ஆட்டுவாள். தலை பாதி நரைத்துவிட்டது. குன்னூர் ஸ்டாண்டில் புதிதாக வருகிற டிரைவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள்: மற்ற வளைவில் ஹாரன் அடி, நாலாம் வளைவில் விளக்கை அணைத்துப் போடு. போன வாரம் அப்படி ஒரு புதிய டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். "நீங்க நிக்கறதுனால இந்த வளைவுல ஒரு வண்டிகூடக் கீழ போனதில்லீங்களாமே அக்கா."

மெட்டில்டா டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்ணு போயிருக்குதுங்க" என்று திருத்தினாள்.